வேகமாக வந்தது யார்?

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தம் பிழையைத் தாமே பத்திரிகையில் எழுதுவது வழக்கமன்று. ஆயினும், மாணவரின் கொப்பிகளிலே நாம் சிவப்பு மையினால் வட்டமிடும் பிழையொன்று, ஒருமுறை நமது பேனாவினின்றே பிறந்து, ஓர் ஏழைக் குடும்பத்தை எட்டு மாதம் அலைக்கழித்தது. அதனை மறைத்துவிட்டு இவ்விலக்கணத்தைப் பேசுவது நேர்மையாகாது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் நம்மைத் தேடி வந்தார். தோட்டஞ் செய்து பிழைப்பவர். எட்டாம் வகுப்புடன் படிப்பை விட்டவர். மகன் இரவிலே சைக்கிளில் வீடு திரும்புகையில் வான் ஒன்று மோதியதால் கால் முறிந்து ஆஸ்பத்திரியிற் கிடந்தான். நட்டஈடு கோரிக் காப்புறுதி நிறுவனத்துக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுத வேண்டும். நடந்ததைச் சொல்லும்படி கேட்டோம். “வெளிச்சம் ஒண்டும் இல்லாமல் கெதியாய் வந்து வான் பெடியனை அடிச்சுப் போட்டுது, மாஸ்டர்” என்றார்.

நாம் பட்டதாரியல்லவா? அவருடைய பேச்சைக் கண்ணியமான ஆங்கிலமாக்க எண்ணி, “கமிங் ஃபாஸ்ட் வித்தவுட் லைட்ஸ், மை சன் வாஸ் நொக்ட் டவுன் பை எ வான்” என்று எழுதினோம். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அவரும் நம்பிக்கையோடு கையொப்பமிட்டுச் சென்றார்.

மூன்று வாரங்களில் மறுமொழி வந்தது. சைக்கிளோட்டி விளக்கின்றி விரைந்து வந்தமையைத் தந்தையாரே ஒப்புக்கொண்டிருப்பதால் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்பது அதன் சாரம். அவர் அக்கடிதத்தை நம்மிடம் நீட்டி, “நான் அப்பிடிச் சொல்லேல்லையே, மாஸ்டர்” என்றார். முதலில் நமக்கு அந்த நிறுவனத்தின் மீதே கோபம் மூண்டது. பின்னர் நமது கடிதப் பிரதியை எடுத்துப் படித்தோம். கோபம் அடங்கிற்று. நாம் எழுதியிருந்தது அதுவேதான்.

ஆங்கிலத்திலே, வசனத்தின் தலையில் எழுவாயின்றி வரும் எச்சத்தொடர், காற்புள்ளியைக் கடந்தவுடன் நிற்கும் எழுவாயைப் பற்றிக்கொள்ளும். எழுதியவரின் உள்ளத்தில் இருந்தவர் யார் என்று அது கேட்பதில்லை. நமது வசனத்தில் காற்புள்ளிக்கு அப்பால் நின்றவன் மகன். ஆகவே விளக்கின்றி வேகமாக வந்தவனும் அவனேயாயினான். உரிய கருத்தாவைச் சேராது நிற்கும் இத்தகைய தொடரை ஆங்கில இலக்கணக்காரர் ‘டாங்லிங் மொடிஃபயர்’, அதாவது தொங்கும் அடை, என்பர். பாடநூல்களில் இதற்குக் காட்டப்பெறும் உதாரணங்கள் பெரும்பாலும் நகைப்புக்குரியவை. அவற்றால் தீங்கில்லை, படிப்பவர் சிரித்துவிட்டுச் சரியான பொருளைத் தாமே கொள்வர். தவறான ஆளிடம் ஒட்டிக்கொண்டு, கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருக்கும் அடையே அஞ்சத்தக்கது.

நம்மை மிகவும் நாணச் செய்தது வேறொன்று. அத்தந்தையாரின் தமிழ் வசனத்தில் பிழையே இருக்கவில்லை. ‘வந்து’ என்ற எச்சமும் ‘அடிச்சுப் போட்டுது’ என்ற முற்றும் வான் என்னும் ஒரே எழுவாயைக் கொண்டன. நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூல் கற்ற நாமோ, ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்ற விதியை அறிந்திருந்தும், ஆங்கிலத்துக்கு வந்தவுடன் அதனை வாசலிலே கழற்றி வைத்துவிட்டோம்.

காரணம் செயப்பாட்டு வினை மோகம். செயப்பாட்டு வினை ஆங்கிலத்துக்குக் கௌரவம் தருவது என்று எண்ணும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் நம்மிடையே பலர். வான் மோதியது என்று எழுதாமல், மகன் வானினால் மோதப்பட்டான் என்று எழுதும்போது, கருத்தா தலைவாசலை விட்டுக் கொல்லைப்புறம் போய்விடுகிறான். தலையில் எச்சத்தொடர் இருக்க, பின்னால் செயப்பாட்டு வினை வருமாயின், அவ்வசனத்தை இரண்டாம் முறை படியாமல் உறையில் இடுதல் கூடாது.

ஆனால் எல்லாப் பிழையும் இவ்வழி வருவதில்லை. தமிழின் சில சலுகைகளும் மாணவரை ஏமாற்றுகின்றன. ‘வீட்டை அடைந்ததும் மின்சாரம் நின்றுவிட்டது’ என்பது நல்ல தமிழே. அடைந்தவர் யாரென்பது இடத்தால் விளங்கும். இதனை “ஒன் றீச்சிங் ஹோம், த கறன்ட் ஃபெயில்ட்” என்று எழுதினாலோ, ஆங்கிலத்தில் வீட்டை அடைந்தது மின்சாரமாகிவிடும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதும் அத்தகையதே. பெய்தது மழை, நிறைந்தது குளம், எழுவாய் இரண்டு. ‘பெய்ய’ என நிற்க வேண்டியது ‘பெய்து’ எனத் திரிந்ததென்று நம் இலக்கண நூலார் அமைதி கூறினர். அச்சலுகையை நம்பி, “றெயினிங் ஹெவிலி, த டாங்க் ஓவர்ஃப்ளோட்” என்று மாணவன் எழுதும்போது, மழையாய்ப் பொழிந்தது குளமேயாகிறது.

சினைவினை பற்றிய விதி இன்னும் சுவையானது. ‘கால் ஒடிந்து வீழ்ந்தான்’ என்பதில் ஒடிந்தது கால், வீழ்ந்தவன் ஆள். சினையின் வினை முதலோடும் முடியும் என நன்னூல் இடந்தருகிறது. ஆங்கிலம் அந்த உறவை ஏற்பதில்லை. “வீதியில் நடந்துகொண்டு, அவன் கால் வழுக்கியது” என்ற பொருள்பட ஒரு மாணவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நடந்தது காலாகிவிடுகிறதே என்று திருத்தினோம். “கால்தானே சேர் நடக்கிறது?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. உடனே மறுமொழி கூற நமக்கும் இயலவில்லை.

பெரியோரும் இதில் வழுக்கியுள்ளனர். ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்திலே, தோட்டத்தில் துயிலும்போது தான் பாம்பு தீண்டி மாண்டதாக ஊரில் கதை பரவியிருக்கிறதென்று இறந்த அரசனின் ஆவி மகனிடம் கூறுகிறது. மூலத்தின் வசன அமைப்பை இலக்கணக் கண்ணால் நோக்கின், துயின்றது பாம்பு. (நாம் இங்கே எழுதிய ‘தீண்டி மாண்டதாக’ என்பதும் எச்சத்திரிபே என்பதைக் கூரிய மாணவர் கண்டிருப்பர்.) ஆகவே இவ்விதியை வெறியோடு பிடிக்க வேண்டுவதில்லை. 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆங்கில வழக்கு நூலிலே ஃபௌளர் என்பார், ‘கன்சிடரிங்’ போன்றவை எச்சத்தன்மை இழந்து இடைச்சொற்கள்போல் ஆகிவிட்டன என்று அவற்றுக்கு விலக்களித்தார். நாமும் அவற்றை வட்டமிடுவதில்லை.

திருத்தும் முறை கடினமன்று. எச்சத்தொடரைப் படித்து, காற்புள்ளியில் நின்று, ‘யார்?’ என்று கேட்க வேண்டும். அடுத்து வரும் எழுவாயே விடையாயின் வசனம் செம்மையானது. அன்றாயின், உரிய கருத்தாவை அவ்விடத்துக்குக் கொண்டுவரலாம்: “கமிங் ஃபாஸ்ட் வித்தவுட் லைட்ஸ், எ வான் நொக்ட் டவுன் மை சன்.” அல்லது எச்சத்துக்கே தனி எழுவாய் கொடுத்து, ‘ஆஸ்’, ‘வென்’ முதலிய சொற்களால் ஒரு துணை வசனமாக்கலாம், வீட்டை அடைந்த கதைக்கும் குளம் நிறைந்த கதைக்கும் அதுவே ஏற்ற வழி. எச்சத்தைக் காற்புள்ளியோடு வசனத்தின் வாலுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பர். பெரும்பாலும் அதனால் தொங்கல் தீர்வதில்லை, இடம் மட்டுமே மாறும்.

அன்றிரவே இரண்டாம் கடிதத்தை எழுதினோம். முதற் கடிதத்தின் பிழை எழுதிக்கொடுத்த நம்முடையதே என்பதையும் அதிற் குறிப்பிட்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் இணைத்தோம். பின்னும் பல கடிதங்கள் போயின. ஒருவாறு பணம் கிடைத்தபோது மாதம் எட்டாகிவிட்டது. அதற்குள் தந்தையார் இரு பசுக்களில் ஒன்றை விற்றிருந்தார்.

அந்த இரண்டாம் கடிதத்தில் அவர் உடனே கையொப்பமிடவில்லை. ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லும்படி நம்மைக் கேட்டார். சொன்னோம். விபத்தைக் கூறும் வசனம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தி, “இதிலே கெதியாய் வந்தது ஆர், மாஸ்டர்?” என்றார்.

“வான்” என்றோம்.

“வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ.”

மறுபடியும் பார்த்துச் சொன்னோம். அதன் பின்னரே பேனாவை வாங்கினார்.