கைகாட்டி இறங்கிய பாதை

செங்கல்பட்டு சந்திப்பிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் வரை 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இன்று மின்சார ரயில் ஓடும் இந்தத் தடம், நீராவிக் காலத்தில் ஒற்றை மீட்டர்கேஜ் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகளை மோதாமல் காத்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களும் கேபின்மேன்களும் பாயிண்ட்ஸ்மேன்களும்தான். அவர்களின் உழைப்பை நினைத்தபடி இந்தப் பாதையில் ஒரு முறை போய் வர வேண்டும்.

செங்கல்பட்டு போன்ற சந்திப்புகளில் அந்நாளில் கேபின் என்பது பாதையைப் பார்த்த உயரமான அறை. உள்ளே வரிசையாக இரும்பு லீவர்கள். சிக்னலுக்குச் சிவப்பு, தண்டவாளம் பிரியும் பாயிண்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம் என்று வண்ணம் பூசியிருக்கும். லீவரை இழுத்தால் நெடுந்தூரம் ஓடும் கம்பி அசைந்து, தொலைவில் கைகாட்டி இறங்கும். கை கிடையாக நீட்டியிருந்தால் நில், சாய்ந்தால் வா. கேபினுக்கு எட்டத்தில் இருக்கும் சிக்னலுக்கு லீவர் இழுக்க உடம்பின் எடை முழுவதையும் கொடுக்க வேண்டும்.

பாலூர், பழையசீவரம் பக்கம் பாதை பாலாற்றை ஒட்டிச் செல்கிறது. பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். பொங்கலையொட்டி காஞ்சி வரதர் பாரிவேட்டைக்கு எழுந்தருளும் ஊர் பழையசீவரம். சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் இரும்பெல்லாம் கொதிக்கும். கம்பி நீண்டு தொய்ந்தால் லீவரை முழுக்க இழுத்தும் கை பாதிதான் இறங்கும். வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் ஏற்பக் கம்பியை இறுக்கியும் தளர்த்தியும் வைப்பது அன்றாட வேலை. பொழுது சாய்வதற்குள் ஒருவர் ஏணியேறி ஒவ்வொரு கைகாட்டியிலும் மண்ணெண்ணெய் விளக்கு வைப்பார். அந்த விளக்கின் வெளிச்சம் பின்பக்கத்துச் சிறு துளை வழியே கேபினுக்கும் தெரியும். அந்தப் பொட்டு வெளிச்சம் தெரியாவிட்டால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

வாலாஜாபாத் போன்ற ஊர்களில் வண்டிகள் கிராஸிங் ஆகும்போதுதான் டோக்கனின் அருமை புரியும். இந்தியாவின் ஒற்றைப் பாதைகளில் பரவலாக இருந்தது நீல்ஸ் பந்து டோக்கன். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் இரண்டு பெட்டிகள். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. மணியடித்து, வண்டியை அனுப்ப லைன் கிளியர் என்ற அனுமதி கேட்க, மறுமுனை சம்மதித்தால்தான் இரும்புப் பந்து ஒன்று வெளியே வரும். அது திரும்பப் பெட்டிக்குள் போகும் வரை அடுத்த பந்து வராது. பந்தைத் தோல் பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் கட்டிப் பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். நிற்காத வண்டியென்றால், எஞ்சினிலிருந்து பயர்மேன் கையை நீட்டி வளையத்தைக் கோர்த்துக்கொள்வார். டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் அடுத்த பிரிவுக்குள் நுழையக் கூடாது.

காஞ்சிபுரத்துக்கு ரயில் அரக்கோணம் பக்கமிருந்துதான் முதலில் வந்தது. இந்தியன் டிராம்வே கம்பெனி 1865-இல் மூன்றரை அடி அகலத்தில் போட்ட சிறு பாதை அது. 1878-இல் மீட்டர்கேஜாக மாறியது. நிலையத்திலிருந்து இறங்கி நெசவுத் தெருக்களில் நடந்தால், கோர்வைப் புடவை நெய்வதைப் பார்க்கலாம். உடலும் கரையும் சேரும் இடத்தில் தறிக்காரரும் உடனிருக்கும் துணையாளும் நாடாக்களை மாற்றி மாற்றிக் கோர்க்கிறார்கள். ஒருவர் தவறினால் மற்றவரின் வேலை நகராது. கேபினிலும் அப்படித்தான். பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டு விழாமல் சிக்னல் லீவர் அசையாது. மனிதர்களுக்கிடையிலும் ஒரு பூட்டு உண்டு. பாதை காலி என்று கேபின்மேன் தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது. அதற்குச் சாட்சியாகத் தன் எண் பட்டியல் தாளில் அடுத்துள்ள பிரைவேட் நம்பரைச் சொல்ல வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். வைகாசி கருட சேவைக்கு ஊர் நிரம்பினாலும் இந்த ஒழுங்கில் ஓரெழுத்தும் தளராது.

திருமால்பூரைத் தாண்டி, 949-இல் ராஜாதித்த சோழன் போரில் விழுந்த தக்கோலத்தையும் கடந்தால் அரக்கோணம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை சென்றது அரக்கோணம் வழியேதான். அதே 1856-இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி, பாயிண்டையும் சிக்னலையும் ஒன்றாக இயக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பல கேபின்களின் லீவர் சட்டங்களுக்கு மூலம் அந்த எண்ணமே.

இன்று அந்த லீவர்களின் வேலையைக் கணினியும் மின்சுற்றும் செய்கின்றன. இது நல்ல மாற்றம்தான்; ஒரு மனிதனின் சோர்வு பல உயிர்களைப் பறிக்கக் கூடாது. ஆனால் 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்கு நேர்ப்பாதையில் செல்ல சிக்னல் கிடைத்தது. பாயிண்டோ சரக்கு வண்டி நின்றிருந்த லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சுற்றை மாற்றியமைத்தபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. கருவி எவ்வளவு புதிதானாலும், சரிபார்க்காமல் நம்பாதே என்ற கேபின்மேனின் பாடம் பழசாகவில்லை.

அந்தப் பாடத்தைக் கையால் கற்றவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் நிலையத்தில் ஒரு லீவர் சட்டத்தையும் ஒரு ஜோடி டோக்கன் பெட்டிகளையும் பள்ளிப் பிள்ளைகள் இயக்கிப் பார்க்கும்படி தெற்கு ரயில்வே வைக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற கேபின்மேனோ பாயிண்ட்ஸ்மேனோ இருந்தால், அவர் சொல்வதை இந்த வாரமே பதிவு செய்து வையுங்கள்.