சுண்டுக் கணக்கு

ரொறன்ரோவில் வசிக்கும் தங்கை சென்ற ஆண்டு தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணை, அம்மாவின்ரை கொப்பியிலை லவ் கேக்குக்கு கஜூ இரண்டு சுண்டு எண்டு கிடக்கு. அது எத்தனை கிராம்?"

மரமுந்திரிகைப் பருப்பை நாம் கஜூ என்றே சொல்லிப் பழகியவர்கள். அப்பா கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் அம்மா இந்தக் கேக்கைக் கற்றுக்கொண்டார். அம்மா மறைந்த பின் எங்களிடம் எஞ்சியது அந்தக் கொப்பி மட்டுமே.

சுண்டு என்பது வெறும் ரின்பால் பேணி. நாலு சுண்டு ஒரு கொத்து. 1970 பொதுத்தேர்தலின்போது மேடைதோறும் முழங்கிய 'இரண்டு கொத்து அரிசி'யில் வரும் அதே கொத்துதான். அரிசியென்றால் ஒரு கொத்து இரண்டு இறாத்தல். ஆனால் கஜூ அரிசியன்று.

தங்கை சுண்டைக் கோப்பையாகக் கொண்டு, 250 மில்லிலீற்றர் கோப்பையால் இரண்டு கோப்பை முழுக் கஜூவை அளந்து, பிறகு நறுக்கிப் போட்டிருந்தாள். ஏறத்தாழ 285 கிராம். "கிட்டத்தட்ட அம்மாவின்ரை மாதிரித்தான், ஆனால் ஏதோ ஒண்டு சரியில்லை" என்றாள். நான் விடவில்லை. பேணியின் கொள்ளளவு 300 மில்லிலீற்றர். முழுக் கஜூ ஒரு பேணிக்கு 170 கிராம் நிற்கும். ஆகவே 340 கிராம் என்று திருத்திக் கொடுத்தேன். செய்தியாசிரியனின் பழக்கம், பிழை கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. அடுத்த கேக் எண்ணெய் கசிந்து, வெட்டும்போது உதிர்ந்து போயிற்று.

விடை சொல்லக்கூடியவர் ஒருவரே இருந்தார். கொடிகாமத்தில் வாழும் பெரியம்மா. 1990இல் தடைப்பட்ட ரயில் பாதை 2014இல் மீண்டும் திறந்த பின் கொழும்பிலிருந்து அங்கு போவது சிரமமன்று. சிறிய தராசொன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சந்தையில் கஜூ வாங்கியபோது வியாபாரி கிராம் கணக்கில்தான் நிறுத்துத் தந்தார். பெரியம்மா வீட்டில் பழைய பேணி அப்படியே இருந்தது.

நான் முழுக் கஜூவைப் பேணியில் கொட்டத் தொடங்கியதும் பெரியம்மா தடுத்தார்: "முழுக் கஜூவை ஆர் அளந்தது? கொம்மா உரலிலை இடிச்ச பிறகல்லோ அளக்கிறவ!"

அவரே இடித்து, தட்டாமல், அமுக்காமல், கையால் அள்ளிப் போட்டு, தலையை வழித்துத் தந்தார். நிறுத்துப் பார்த்தேன்: 130 கிராம். இரண்டு சுண்டு 260. நான் 'பிழை' என்று தள்ளிய தங்கையின் கணக்கே உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

இதில் விந்தையில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் ஒரு கோப்பை முழு வாதுமை 143 கிராம். மெல்லிய சீவலாக்கினால் 92 கிராம்தான். பருப்பு அதே பருப்பு. இடையில் நிற்கும் காற்றுத்தான் வேறு. எனவே பழைய குறிப்பொன்றை நிறைக்கு மாற்றுவோர் மூன்றைக் கேட்க வேண்டும்: எந்தப் பாத்திரம், நறுக்குமுன் அளந்ததா பின் அளந்ததா, குவித்தா வழித்தா. பாத்திரத்தின் கொள்ளளவை அறிவது எளிது. தண்ணீர் நிரப்பி நிறுத்தால், கிராம் எத்தனையோ மில்லிலீற்றரும் அத்தனை. மற்ற இரண்டையும் அளந்த கைதான் சொல்லும்.

அந்தக் கை உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அடுத்த முறை அவர் அளந்ததும் ஒருதரம் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அம்மாவிடம் அதைச் செய்யவில்லை.

260 கிராமில் தங்கை செய்த கேக் சரியாக வந்தது. செய்தி சொல்லத் தொலைபேசி எடுத்தபோது பெரியம்மா கேட்டார்: "ரவையை வறுத்தவளோ?"

கொப்பியில் அது இல்லை.