கோயிற்காடும் குடியேறியோரும்

குலதெய்வத்தின் பெயரை அறிந்தும் அது உறையும் காட்டை அறியாத பிள்ளைகள் நம் தேஹு ரோட்டில் பலர் உளர். படைக்கலக் கிடங்கிலும் புகைவண்டிப் பகுதியிலும் வேலை தேடி வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அவர்கள். காது குத்துவதற்கும் முடி இறக்குவதற்கும் ஊருக்குப் போய், வாடகை வண்டியில் இறங்கி, பொங்கலிட்டுப் படைத்து, அன்று மாலையே திரும்பிவிடும் குடும்பங்களுக்கு அக்காட்டின் ஒழுங்கு எவ்வாறு விளங்கும்? இதை ஒரு சிறு குறை என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது.

நம் குடியிருப்பில் ஓர் இளைஞர் இருக்கிறார். ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக நான்கு ஆண்டுகள் உழைத்தவர். ஒரே நாளில் வேலையை இழந்தவர். அதன்பின் அவர் பேச்சே மாறிவிட்டது. நகரம் பொய், யந்திரம் பொய், மனிதர்களும் பொய் என்றார். ஒரு நாள் நம்மிடம், "அண்ணா, ஐரோப்பாவில் படித்தவர்களே இந்த நாகரிகத்தை உதறிவிட்டுப் பழைய தெய்வங்களிடமும் காட்டிடமும் திரும்புகிறார்கள். நாம் மட்டும் ஏன் இந்தப் புகையில் கிடக்கவேண்டும்? அம்மாவை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு நான் மலைக்குப் போகப்போகிறேன்" என்றார். மறுநாள் அவர் தாயார் வந்து, "தம்பி, நீங்கள் சொன்னால் கேட்பான், அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கண்கலங்கினார். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் குமாஸ்தா வேலையில் அமர்ந்தவர். ஆயினும் அந்தத் தாயின் பொருட்டு, அவ்விளைஞர் குறிப்பிட்ட செய்தியைத் தேடிப் படித்தோம். படித்ததையும் அதனால் தெளிந்ததையும் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

ஜெர்மானிய இனத்தார் கிறிஸ்தவம் பரவுவதற்கு முன்னர் மரங்களடர்ந்த தோப்புகளில் வழிபட்டவர்கள். கடவுளரைச் சுவர்களுக்குள் அடைப்பது அவர்தம் பெருமைக்குத் தகாது என்று அம்மக்கள் கருதியதாக, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனிஃபேஸ் என்னும் பாதிரியார், இடித்தெய்வத்துக்குரிய பெரிய ஓக் மரத்தை வெட்டி வீழ்த்தி, அந்தக் கட்டையைக் கொண்டே ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினார் என்பது வரலாறு. அத்தெய்வங்கள் மறைந்தும் அவற்றின் பெயர்கள் மறையவில்லை. நாம் நாள்தோறும் பதிவேட்டில் எழுதும் 'வெட்னஸ்டே' வோடன் என்னும் தெய்வத்தின் நாள். 'தர்ஸ்டே' தோர் என்னும் இடித்தெய்வத்தின் நாள்.

இவ்வழிபாட்டைச் சென்ற நூற்றாண்டில் சிலர் மீண்டும் தொடங்கினர். ஐஸ்லாந்தில் 1972-ஆம் ஆண்டு ஸ்வேன்பியோர்ன் பேன்டைன்சன் என்னும் உழவரும் கவிஞருமான பெரியவரும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டு அரசு அதனை ஒரு சமயமாக ஏற்றது. சிலரோடு தொடங்கிய அச்சங்கத்தில் பிற்காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். வெட்டவெளியில் கூடி, பருவங்களின் மாற்றத்தைப் போற்றி, நிலத்துக்கு நன்றி கூறுவது அவர்கள் வழக்கம். இதைப் படித்தபோது நமக்கு நம் ஊர் ஐயனாரின் நினைவே வந்தது.

புதிய நாகரிகத்தின்மேல் ஐயம் கொள்வதற்கும் காரணம் இல்லாமலில்லை. அதற்கு நாம் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. நம் புனே மாவட்டத்து முல்ஷியில், பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் எடுக்க அணை கட்டத் தொடங்கியபோது, நிலமிழந்த உழவர்கள் 1921-ல் சேனாபதி பாபட் முதலானோர் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர். அணை எழுந்தது, கிராமங்கள் நீரில் மூழ்கின. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து புனே நகரம் வெள்ளத்தில் ஆழ்ந்ததை இவ்வூர் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். யந்திரத்தை நம்பு, கேள்வி கேளாதே என்பார்க்கு இவையே விடை. ஆகவே அவ்விளைஞரின் ஐயத்தை நாம் எள்ளி நகையாடவில்லை.

நம் சொந்தத் துறையும் இதில் பங்குடையதே. இவ்வழியே கண்டாலாவிலிருந்து புனேவுக்கு 1858-ல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு மைலுக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. இன்று நாம் காண்பவை காங்கிரீட் கட்டைகள். அன்று அவற்றுள் பல தேக்கும் சாலும் தேவதாருவுமான மரங்கள். அவை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். மீண்டும் காடு அழியும். இவ்வழிவுக்கு ஒரு வரம்பு காணவே 1864-ல் வனத்துறை அமைந்தது. அதன் முதல் தலைவராக வந்தவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். பான் நகரத்தில் பிறந்த தாவரநூல் வல்லுநர். ஓக் தோப்பை வணங்கிய முன்னோரின் வழியில் வந்தவர் நம் காடுகளுக்குக் கணக்கெழுத வந்தது வியப்பன்றோ! அதைவிட வியப்பு யாதெனில், இந்நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் தெய்வத்தின் பெயரால் காக்கப்பட்ட காடுகளை அவர் கண்டு, குடகின் தேவரகாடுகளையும் சேலம் மாவட்டத்து மலைக்காடுகளையும் தம் நூலில் 1897-ல் குறிப்பிட்டதேயாகும். சர்க்கார் சட்டம் வருமுன்பே மக்கள் தாமே காத்த காடுகள் அவை.

மகாராஷ்டிரத்தில் இவற்றைத் 'தேவராயி' என்பர். நம் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில், மாவல், முல்ஷி, ஆம்பேகாவ் வட்டங்களின் மலைச்சரிவுகளில் இன்றும் இவற்றைக் காணலாம். புனேவைச் சேர்ந்த மாதவ் காட்கில், வர்தக் என்னும் இரு அறிஞர்கள் இத்தேவராயிகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சுற்றிலும் மொட்டையாகிப்போன குன்றுகளுக்கிடையே இத்தோப்புகளில் மட்டும் பழைய காட்டின் மரமும் கொடியும் பிழைத்திருப்பதை அது உலகுக்கு எடுத்துரைத்தது. காரணம் எளியது. உதிர்ந்த இலை அங்கேயே மக்கி மெத்தைபோல் படிகிறது. மாரியில் கொட்டும் நீரை அது குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் அடிவாரத்து ஊற்றாகச் சிறிது சிறிதாக விடுகிறது. இலையைக் கூட்டி அள்ளினால் ஊற்று வற்றும். 'தெய்வம் கோபிக்கும்' என்று முன்னோர் சொன்னதன் உட்பொருளில் இதுவும் ஒன்று.

நத்தம் பக்கத்திலிருந்து வந்த நம் பாட்டியார் இதை நன்கறிந்தவர். "கோயிற்காட்டில் சுள்ளிகூடப் பொறுக்கலாகாது, செருப்போடு நுழையலாகாது" என்பார். அப்பக்கத்துக் காசம்பட்டி வீரகோயில் காட்டைத் தமிழ்நாட்டு அரசு 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான் அதன் பரப்பு. மதுரைக்கருகிலுள்ள அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டில் இப்பெயர் பெற்ற முதல் தலம். அதனைச் சேர்ந்த பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-ல் ஏலம் விடப்பட்டது. மேலூர்ப் பக்கத்து மக்கள் கடையடைத்து, ஊர்வலம் போய், சட்டசபையிலும் தீர்மானம் நிறைவேறச் செய்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை ரத்து செய்தது. இம்மக்கள் உலகை வெறுத்து மலைக்குகையில் ஒளியவில்லை. மனு எழுதினார்கள், கூட்டம் கூடினார்கள், பேருந்திலேறி நகரத்துக்குப் போய் நியாயம் கேட்டார்கள்.

இனி, நாம் மிகவும் அஞ்சுகிற பகுதிக்கு வருகிறோம். மண்ணின்மேல் கொண்ட பக்தி வேறொரு வழியிலும் போகக்கூடும். ஜெர்மனியில் நாஜிகள் ஆண்டபோது 'இரத்தமும் மண்ணும்' என்பதை ஒரு மந்திரமாக்கினர். பழைய தெய்வங்களின் குறிகளையும் அவர்களுள் பலர் எடுத்து அணிந்தனர். 1935-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வரசு இயற்கையைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டத்தையும் இயற்றியது. மரத்துக்குக் காவல் வைத்த கையே அயல்வீட்டானை வெளியே தள்ளியது. பழைய ஜெர்மானியத் தெய்வங்களை வணங்கும் இக்காலக் குழுக்களிலும், 'எம் இரத்தத்தார்க்கே இச்சமயம்' என்று கதவடைப்போர் சிலர் உண்டு. ஐஸ்லாந்துச் சங்கத்தைப்போல் அவ்வெறியை வெளிப்படையாக மறுப்போரும் உண்டு.

நம்மைப்போல் குடியேறி வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தியன்று. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் 'மண்ணின் மைந்தர்' என்னும் முழக்கம் எழுந்தபோது, தென்னிந்தியரின் உணவுக்கடைகள் கல்லெறிபட்டதை நம் பெரியோர் மறந்திலர். 'இந்த மண் எவன் இரத்தத்துக்கு உரியது?' என்று கேட்கத் தொடங்கினால், மூன்று தலைமுறை வாழ்ந்தும் நாம் இங்கே அந்நியரே. ஊருக்குத் திரும்பினால் அங்கும் அந்நியரே. ஆனால் தேவராயி எவனுடைய குலத்தையும் கேட்பதில்லை. உள்ளே வருபவன் கையை அடக்குகிறானா என்பதையே கேட்கிறது. கிளையை ஒடிக்காதவன் காவலன். ஒடிப்பவன் அங்கேயே பிறந்தவனாயினும் அயலானே.

பழைய சமயம் ஒன்றை மீட்பதற்கு இரத்தம் வேண்டா என்பதற்கு நம் தேஹு ரோடே சான்று. டாக்டர் அம்பேத்கர் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இங்கே புத்தர் சிலையை நிறுவினார். 1956-ல் நாகபுரியில் அச்சமயத்தைத் தழுவினார். நெடுங்காலம் இந்நாட்டில் மங்கியிருந்த ஒரு நெறிக்கு அவர் வாயில் திறந்தபோது, எவரும் தம் மனத்தெளிவினால் நுழையலாம் என்றே திறந்தார்.

துக்காராம் மகாராஜரின் சரிதம் இன்னும் அணுக்கமானது. 1630-ஐ ஒட்டிய கொடும் பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்து, கடையும் நொடித்து நின்றவர் அவர். உலகை வெறுக்க அவரைவிடக் காரணம் பெற்றவர் யார்? அவர் பண்டாரா டோங்கரில் ஏறித் தனித்திருந்தார்; மரங்களையும் கொடிகளையும் உறவென்று கொண்டார். ஆயினும் அவர் குன்றிலேயே தங்கிவிடவில்லை. கடன்பட்டோரின் பத்திரங்களை இந்திராயணியில் எறிந்துவிட்டார் என்றும், ஊரார் நடுவே நின்று கீர்த்தனம் பாடினார் என்றும் மரபு கூறும். காட்டில் பெற்ற அமைதியை ஊருக்குக் கொணர்ந்தவர் அவர். அவருடைய தேஹுவில் நாந்துருகி மரம் இன்றும் வணங்கப்படுகிறது. அவர் வைகுந்தம் சென்ற நாளன்று நண்பகலில் அம்மரம் சிலிர்க்கும் என்று கூடிநிற்கும் வார்க்கரிகள் நம்புவர். அக்கூட்டத்தில் தமிழர்களும் நிற்பதுண்டு. எவரும் அவர்களை விலகென்று சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் பல மாலைகளில் சொன்னோம். மலைக்குப் போகவேண்டாம் என்று நாம் கூறவில்லை; போய் வரவேண்டும் என்றே கூறினோம். அவர் நம்மோடு சிலமுறை வாதாடினார், சிலமுறை மௌனமாயிருந்தார். பழத்தோட்டம் ஒன்றில் இப்போது வேலை பார்க்கிறார். இரவில் தாயாரின் வீட்டுக்குத் திரும்புகிறார். நகரத்தின்மேல் அவருக்குள்ள கசப்பு தீர்ந்தபாடில்லை. அது முற்றும் தீரவேண்டும் என்று நாமும் விரும்பவில்லை. கேள்வி கேட்பவர் ஊருக்குத் தேவை.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை அருகிலுள்ள ஒரு தேவராயிக்கு அழைத்துச் செல்வோமாக. முதலில் அவ்வூர்ப் பெரியோரின் இசைவைப் பெறுவோம். அவர்கள் விதிக்கும் கட்டுப்பாட்டுக்கு அடங்குவோம். ஒரு காகிதத்தைக்கூட அங்கே விட்டுவராமலும், ஓர் இலையைக்கூட எடுத்துவராமலும் மீள்வோம். அரசு இங்கே பிம்பள் என்றும், ஆல் வட் என்றும், அத்தி உம்பர் என்றும், நாவல் ஜாம்பூள் என்றும் வழங்குவதைப் பிள்ளைகள் இரு மொழியிலும் கற்கட்டும். பின்னர் அவர்கள் தம் குலதெய்வத்தின் காட்டுக்குப் போகும்போது, பொங்கல் பானையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து மரங்களைப் பார்ப்பார்கள். அவற்றின் பெயர்களையும் அறிந்திருப்பார்கள். விட்டுவந்த காட்டை மதிக்கும் வழி, வாழும் ஊரின் காட்டைக் காப்பதேயாம்.