முள்ளும் இலக்கமும்

கைக்கடிகாரம் வாங்குவது முன்னாளில் ஒரு குடும்பத்தின் பெருங்காரியம். இன்று ஹட்டன் கடைவீதியில் அரைமணி நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. ஆயினும் எதை வாங்குவது என்ற கேள்வி சிறுத்துவிடவில்லை. றொசல்லப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் எம் தங்கையின் மகள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். அவள் பொருட்டு நாம் ஆராய்ந்தவை இரண்டு. இரண்டும் ஜப்பானியக் கேசியோ கம்பனியின் மலிவான உருப்படிகளே.

முதலாவது எஃப்-91டபிள்யூ. 1989 இல் வெளிவந்தது. இலக்கங்களால் நேரங் காட்டுவது. எடை 21 கிராம். பற்றரி ஏறத்தாழ ஏழாண்டு உழைக்கும். விழிப்பு மணி, திகதி, சிறு விளக்கு யாவும் உண்டு. ஒரு வேடிக்கை யாதெனில், அது அறிந்த பெப்ரவரிக்கு 28 நாட்களே; நெட்டாண்டில் நாமே திருத்தல் வேண்டும். போலிகள் மலிந்துள்ளமையால், வலப்பக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, கம்பனியின் பெயர் முகப்பில் தோன்றுகிறதா என்று பார்த்து வாங்குக.

இரண்டாவது எம்.கியூ.-24. மூன்று முட்கள், வேறொன்றுமில்லை.

பரீட்சை மண்டபத்துக்கு முள்ளே உகந்தது என்பது எமது துணிபு. இலக்கம் 10.47 என்று சொன்னால், முடிவதற்கு எவ்வளவு உண்டென மாணவி கழித்துப் பார்க்க வேண்டும். முள்ளோ எஞ்சிய நேரத்தை ஓர் இடைவெளியாகவே கண்முன் வைக்கிறது. பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறு கழித்தலும் பாரமே. மணிக்கொருமுறை கீச்சிடும் ஓசை பற்றிய அச்சமுமில்லை.

முட்கடிகாரத்தின் இன்னொரு சௌகரியத்தை நாம் மாணவராயிருந்தபோதே கண்டோம். மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அக்டோபரில் அரைமணி பின்வந்தது. 2006 ஏப்ரலில் மீதி அரைமணியும் திரும்பியது. 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்று கேளாமல் எவரும் எங்கும் புறப்பட்டதில்லை. முள்ளுக்காரர் திருகை இழுத்துத் திருப்பிவிட்டு நடந்தார்கள். இலக்கக்காரர் பொத்தான்களோடு மல்லுக்கட்டினார்கள்!

நிற்க. மகளுக்கு முட்கடிகாரத்தை வாங்கியபின், மற்றதையும் விட மனமின்றி எம் தங்கைக்கென வாங்கினோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்தெடுக்கும் அவளுக்குச் சொந்தமாய் ஒரு கடிகாரம் இருந்ததில்லை. "நேரத்தை வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணப்போறேன்?" என்றாள்.

அக்கேள்வி எம்மை வருத்தியது. எம் பாட்டன்மார் காலத்தில் பிரட்டுத் தப்பு முழங்கியதே விடியல். கடிகாரம் துரையிடத்தும் கணக்கப்பிள்ளையிடத்தும் இருந்தது. பிந்தியவளுக்கு அரைப்பேர் விழுந்தது. தான் உண்மையிலேயே பிந்தினோமா என்று பார்க்க அவள் கையில் ஏதுமில்லை.

வட்டவளை அயலின் ஓயா மழைக்கு இக்கடிகாரம் தாங்குமா என்றும் தங்கை கேட்டாள். தூறலுக்கும் கைகழுவும் நீருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆற்றில் முழுகும்போது கழற்றிவிட வேண்டும் என்றோம். விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு மணியை வைத்துக் கொடுத்தாள் மகள்.

கொழுந்து நிறுக்க அழைத்த நேரத்தை அவள் இப்போது மகளின் பழைய கொப்பி ஒன்றில் நாள்தோறும் குறித்து வருகிறாள்.