புகைபோக்கிக்கு இரண்டு விதிகள்

ஒரே பொருளைப் பற்றி இரண்டு விதிகள் பேசுமாயின் எதனைக் கொள்வது என்னும் வினா நூல் பயில்வோர்க்குப் புதிதன்று. தமிழ் இலக்கணத்தார் பொதுவிதி, சிறப்புவிதி என்று பிரித்து விடை காண்பர். மத்ரஸாவில் சட்டநெறி பயில்வோர் ‘ஆம்’, ‘காஸ்’ என்று இதனையே பாடம் கேட்பர். சிறப்பு வந்தவிடத்துப் பொது ஒதுங்கும் என்பது இருசாராரும் ஒப்பும் முடிபு. ஏட்டில் இது எளிது. ஆனால் ஒரு குளியலறைச் சுவரில் இவ்வினா உயிர்வினாவாக நின்றதைத் திருவதிகையில் கண்டேன்.

வளைகுடா நாடொன்றில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய அண்டை வீட்டார் ஒருவர், வயது முதிர்ந்த தம் தாயாருக்காக எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி ஒன்றை அங்கிருந்தே கொணர்ந்திருந்தார். அதன் கையேடு சீன மொழியிலும் அரபியிலுமே இருந்தது. “ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்” என்று அழைத்தார். சென்றபோது வழக்கு முன்னரே தொடங்கியிருந்தது. கருவியோடு வந்த தகரக் குழாயைப் பொருத்துநர் ஒருபுறம் ஒதுக்கிவிட்டார். “பாய், இந்த ஊரில் நான் மாட்டிய ஒன்றுக்கும் குழாய் கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டதற்கே குழாய் இல்லை. இதற்கு எதற்குச் சுவரை உடைப்பது?” என்பது அவர் வாதம். “செய்தவனே குழாய் கொடுத்திருக்கிறான். குழாயை மாட்டிவிட்டால் குளியலறைக்குள்ளேயே வைக்கலாம்” என்பது வீட்டுக்காரர் வாதம். ஒருவர் தரமுத்திரையைச் சார்ந்தார். மற்றவர் கையேட்டைச் சார்ந்தார்.

கையேட்டை ஊன்றி வாசித்தேன். ‘மித்கனா’ இன்றி இக்கருவியை இயக்கலாகாது என்று தெளிவாக எழுதியிருந்தது. ‘துகான்’ என்றால் புகை. அதனின்று பிறந்த சொல் மித்கனா. தமிழிலும் புகைபோக்கி என்றே சொல்கிறோம். இரு மொழிகளும் கண்ணுக்குத் தெரியும் புகையை வைத்தே பெயரிட்டன. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை வறுக்கும் இடத்தில் நின்றவர்க்குப் புகைபோக்கியின் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. எரியும் கண்களே விளக்கிவிடும். வெந்நீர்க் கருவியின் நீலச்சுடரிலோ புகையே இல்லை. காற்றுக் குறைந்து எரியும்போது அது ஈனும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் சிவப்பணுப் பொருளோடு உயிர்வளியைக் காட்டிலும் ஏறத்தாழ 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அது ஒட்டிக்கொள்கிறது. தலைச்சுற்றல் என்று எண்ணுமுன் கால் தளரும். கதவின் தாழை நீக்கவும் கை எழாது.

கணக்கும் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 பாகை செல்சியஸ் சூடேற்றும் கருவி ஏறத்தாழ 12 கிலோவாட் வெப்பத்துக்கு எரிவாயுவை எரிக்கிறது. சமையல் அடுப்பின் ஆறு எரிமுனைகள் ஒருங்கே எரிவதற்கு இது ஒப்பு. அதற்கு மணிக்கு ஏறத்தாழ 400 கன அடிக் காற்று வேண்டும். 5 அடி அகலமும் 6 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள குளியலறையில் இருப்பதோ 240 கன அடி. மார்கழிக் குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் சாத்திக்கொண்டு குளிப்பவர் அந்தக் காற்றைத்தான் நெருப்போடு பங்கிட்டுக்கொள்கிறார்.

இனிப் பொருத்துநரின் வாதத்தைப் பார்ப்போம். சமையல் எரிவாயுவில் இயங்கும் சிறு வீட்டு வெந்நீர்க் கருவிகளுக்கென 2005இல் ஐ.எஸ். 15558 என்னும் இந்தியத் தரநிலை வந்தது. ஒரு கருவியின்மேல் உள்ள முத்திரை அந்தக் கருவிக்குரிய சான்று. பக்கத்தில் இருக்கும் வேறொரு கருவிக்கு அது சாட்சி சொல்லாது. எந்த வாயு, எவ்வளவு நீளக் குழாய், எத்தனை வளைவு என்பவற்றை இக்கருவியை ஆக்கி, அதன் குழாயோடு சேர்த்துச் சோதித்தவனே அறிவான். அவ்வகையில் கையேடு சிறப்புவிதி. குழாயை ஒதுக்கியது தவறு.

ஆயின் வீட்டுக்காரர் வென்றாரா? அதுவும் இல்லை. குளியலறையில் வைக்கலாமா என்பது பற்றிக் கையேடு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமை இசைவு ஆகாது. இத்துறையில் நீண்ட பழக்கமுள்ள பிரித்தானியாவை நோக்கினேன். அங்கே பி.எஸ். 5440 என்னும் தரநூல் புகைக்குழாயின் வாய் எங்கே அமைய வேண்டும் என்பதை அளவிட்டுச் சொல்கிறது. ஆயினும் கருவியோடு வந்த கையேட்டையே முதற்கண் பின்பற்றுவது தொழிலாளர் வழக்கம். பொருத்தியவர் அக்கையேட்டை வீட்டாரிடமே விட்டுச் செல்ல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. கையேட்டுக்கு இத்துணை மதிப்பளிக்கும் அந்நாட்டிலேயே, 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளுள் 30ஆம் விதி, குளியலறையில் அறைக்காற்றை உண்ணும் கருவி எதனையும் பொருத்தலாகாது என்று தடுக்கிறது. வெளியிலிருந்தே காற்றை இழுத்து வெளியிலேயே கழிவை விடும் அடைப்புக் கருவிக்கு மட்டுமே அங்கே இடமுண்டு. குழாய் இருப்பதனால் மட்டும் தடை நீங்காது. எதிர்க்காற்று அடித்தாலும், குருவி கூடு கட்டினாலும், இணைப்பு நழுவினாலும் குழாய் தன் பணியைச் செய்யாது என்பதை அச்சட்டம் செய்தோர் உணர்ந்திருக்க வேண்டும்.

சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்பது உண்மையே. பொதுவிதி எதற்காகப் பிறந்ததோ அந்த நோக்கத்தையே அழிக்க அதற்கு உரிமையில்லை. கையேடு எழுதியவன் கருவியை அறிவான். நம் வீட்டை அறியான். தரநிலை வகுத்தவர் ஆயிரம் வீடுகளின் விபத்தை அறிவார். இக்கருவியின் உள்ளுறுப்பை அறியார். இருவர் சொல்லும் பொருந்தினால் நன்று. பொருந்தாவிடில் எது கடுமையானதோ அதனைக் கொள்வதே பேணுதல். எளியதை ஒரு நூலிலிருந்தும் வசதியானதை மற்றொரு நூலிலிருந்தும் பொறுக்கிக்கொள்பவன் இரண்டு நூல்களையும் பின்பற்றியவன் ஆகான். தன் விருப்பத்தையே பின்பற்றியவன் ஆவான்.

இவ்வாறு சொன்னதும் சற்று நேரம் மௌனம். பின்னர் பொருத்துநரே எழுந்து, கொல்லைப்பக்கம் ஒருபுறம் முழுதும் திறந்து கிடந்த தாழ்வாரத்தைக் காட்டினார். மழைச்சாரல் படாத சுவரில் கருவி ஏறியது. குழாயும் கையேடு சொன்னபடியே சன்னலை விட்டு விலகி வெளியே நீண்டது. குளியலறைக்குள் சென்றது வெந்நீர் மட்டுமே. கூடுதலாகச் செலவானவை சில அடி நீர்க்குழாயும் அரைநாட் கூலியும்.

கையேட்டின் எச்சரிக்கைகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டுமாறு கொடுத்து வந்தேன். வாங்குவோர் அறியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை, விற்றவனைக் காக்குமேயன்றிக் குளிப்பவரைக் காவாது. நம் இல்லங்களில் இத்தகைய கருவி இருக்குமாயின், அதன் தாள் எங்கே கிடக்கிறது என்று இன்றே தேடுங்கள். அது சொல்வதையும் அது சொல்லாது விட்டதையும் சேர்த்தே படியுங்கள்.