மொழி தெரியாத நாட்டில் சாதி

"ஜெர்மனியில் படிக்க ஜெர்மன் தேவையில்லை, பாடம் ஆங்கிலத்தில்தான்" என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. வகுப்பறை மட்டும்தான் ஆங்கிலம். வாடகை ஒப்பந்தம், பகுதிநேர வேலை, அரசு அலுவலகக் கடிதம் எல்லாம் பெரும்பாலும் ஜெர்மன். குடிவந்த 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் எழுதிக் கையெழுத்திட்ட சான்று வேண்டும். மொழி தெரியாத மாணவர் இதற்கெல்லாம் யாரிடம் போவார்? முன்னாலேயே வந்து தங்கியிருக்கும் நம்மூர்க்காரர்களிடம்தான்.

சிக்கலே அங்கேதான். விஸ்வநத்தத்திலிருந்து போன என்னிடம் ஜெர்மானியர் யாரும் தெருவைக் கேட்கவில்லை. அறையில் இடம் தருவதாகச் சொன்ன தமிழர் கேட்டார்: "சிவகாசிப் பக்கமா? விஸ்வநத்தத்துல எந்தத் தெரு ப்ரோ?" சொன்னேன். மறுநாள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. சாதி கடல் தாண்டும் என்பதால்தான் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் வேறு அறை கேட்க அன்று என்னிடம் ஒரு வாக்கியம் ஜெர்மன் இல்லை. மொழி இல்லையென்றால் சாதிக்காரர்களின் தயவில்தான் வாழ வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் இரவில் டாய்ச்ச வெல்லேயின் இலவசப் பாடங்களைப் படித்தேன். சில மாதம் கழித்து விடுதி அலுவலகத்தில் தட்டுத்தடுமாறிப் பேசி நானே ஓர் அறை வாங்கினேன். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் அம்மாவிடம் சொன்னேன். "இனிமே யாருகிட்டயும் போய் நிக்க வேண்டாம்ல?" என்றார்.

பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தன் வாழ்க்கைக் குறிப்பைத் தன் கைப்பட ஜெர்மன் மொழியிலேயே எழுதிக் கொடுத்தார். பிறப்பைச் சொல்லி ஒரு மொழியை மறுத்தார்கள். அவர் அடுத்தடுத்த மொழிகளைத் தானே கற்றுக்கொண்டார்.

தம்பி, தங்கைகளே, ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் அன்றே மொழியையும் தொடங்குங்கள். ஜெர்மன் சொல்லித்தரும் மேக்ஸ் முல்லர் பவன் நம்மூரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. கையிலிருக்கும் செல்போன் போதும். முதலில் வீடு கேட்கவும் கடிதம் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணம் பிறகு வரட்டும். போய்ச் சேர்ந்தவர்கள், பின்னால் வரும் நம் பிள்ளைக்கு அந்த முதல் கையெழுத்தை வாங்கிக் கொடுங்கள். தெருப் பெயரைக் கேட்காதீர்கள்.

ஜெய்பீம்.