கடம்பூர்த் தேரின் சக்கரம்

மும்பையில் 1937 முதல் ஓடிய சிவப்பு டபுள் டெக்கர்களில் கடைசி டீசல் வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று ஓய்வு பெற்றது. இரண்டு பஸ்ஸையாவது அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். சென்னையில் 18ஏ தடத்தின் மாடிப் பஸ்ஸை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். ஆனால் வண்டியை நிறுத்திவைத்துக் காப்பது நமக்குப் புதிதல்ல. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி, மேலக்கடம்பூரில் ஒரு வண்டி சுமார் 900 ஆண்டுகளாக நிற்கிறது.

அமிர்தகடேசுவரர் கோயிலின் கருவறையே சக்கரம் வைத்து, குதிரை பூட்டிய கல்தேர். முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்துக் கட்டுமானம் இது. அப்பர் 7ஆம் நூற்றாண்டிலேயே கடம்பூரைக் கரக்கோயில் என்று பாடிவிட்டதால், அந்தச் சொல்லுக்குத் தேர் வடிவக் கோயில் என்று பொருள் கொண்டு, தேர் வடிவமும் அவ்வளவு பழையது என்பார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் பழையது, இன்றுள்ள கல் அவ்வளவு பழையதல்ல. தாராசுரத்து ராசகம்பீரன் மண்டபம், தில்லை நிருத்த சபை என்று தமிழகத்தின் சக்கரம் வைத்த கல்தேர்கள் பிற்காலச் சோழரை ஒட்டியே வருகின்றன. கோனார்க் அதற்கும் பிந்தி 13ஆம் நூற்றாண்டு. கரக்கோயில் என்ற ஒரு சொல்லை வைத்து அப்பர் காலத்துக் கோயிலுக்குச் சக்கரம் மாட்டுவது சரியல்ல.

எனக்கு இங்கே எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தச் சக்கரம்தான். நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், சுற்றி வட்டை. திருவிழாவில் வடம் பிடித்து இழுக்கும் மரத்தேருக்கு ஆரக்கால் வைத்த சக்கரம் வழக்கமில்லை. பலகைகளை இணைத்துச் செய்த கனத்த வட்டங்கள்தான் அந்தப் பாரத்தைத் தாங்கும். ஆரக்கால், எடை குறைந்து வேகமாக ஓடும் வண்டிக்கு உரியது. ஆகவே சிற்பி வீதித்தேரைப் பார்த்துச் செதுக்கவில்லை, பாயும் தேரை மனத்தில் வைத்தே செதுக்கியிருக்கிறான் என்பது என் கணிப்பு. ஆரக்கால் வெறும் அலங்காரம்தானே என்று கேட்கலாம். அலங்காரமென்றால் சக்கரம் மட்டும் போதுமே, கால் தூக்கிய குதிரைகள் எதற்கு? ஊர்க்கதையும் ஓட்டத்தைத்தான் சொல்கிறது: தன் தாய் நாள்தோறும் வழிபட்ட கோயிலை இந்திரன் குதிரை பூட்டி இழுத்துப்போகப் பார்த்தான், தன்னை வணங்க மறந்த இந்திரனை விடாமல், விநாயகர் ஒரு சக்கரத்தைக் காலால் அழுத்திவிட்டார். ஓடவேண்டிய வண்டி நின்றது என்பதுதான் கதையின் உயிர்.

அதனால்தான் திருப்பணி என்ற பெயரில் நம் கோயில்கள் பலவற்றில் நடப்பதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. பழைய தரையின் மேலேயே புதுக்கல் பாவி, சிமெண்ட் பூசி, மட்டத்தை ஒரு சாண் உயர்த்துகிறார்கள். அடித்தளத்தின் கீழ்ப்பகுதிக் கல்வரிசைகள் புதைகின்றன, கல்வெட்டும் சேர்ந்து போகிறது. மணலை அழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் உளி விட்ட கூர்மை மழுங்குகிறது. பக்தர் நடக்க வசதி வேண்டாமா என்பார்கள். வேண்டும், அதற்கு, பிறகு எடுத்துவிடக் கூடிய நடைபாதையே போதும். கல்தேருக்குத் தரையை உயர்த்துவது இன்னும் பெரிய கேடு, ஏனென்றால் தரையைத் தொடும் இடம்தான் சக்கரத்தின் பொருளே. அருங்காட்சியகத்தில் வைக்கும் பஸ்ஸின் டயரைக் கான்கிரீட்டில் பாதி புதைக்க யாராவது சம்மதிப்பார்களா?